கட்டியை மட்டும் வெட்டிய வைத்தியர்: வின்சென்ஸ் செர்னியின் வாழ்க்கை

சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர், சில ஆண்டுகள் கழித்து வழமையான பரிசோதனைக்காக வைத்தியசாலைக்குச் செல்கிறார். உடம்பில் எந்த உபாதையும் இல்லை. ஸ்கான் செய்யும் வைத்தியர் திரையில் ஓர் இடத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறார். பொருத்தப்பட்ட சிறுநீரகத்தின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டி தெரிகிறது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் அது புற்றுநோய் என்று தெரியவருகிறது.

இது அரிதாக நடப்பது. ஆனால் நடக்கும்போது நோயாளியை ஒரு கொடிய தெரிவின் முன் நிறுத்திவிடுகிறது. அவருடைய சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டும் முன்பே செயலிழந்துவிட்டன. வேலை செய்வது இந்த ஒன்றுதான். அதை முழுமையாக அகற்றினால் கட்டி போய்விடும். ஆனால் அன்றிலிருந்து அவர் மறுபடியும் டயலிசிஸ் இயந்திரத்தை நம்பி வாழவேண்டும். வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை இயந்திரத்தோடு இணைக்கப்படும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை எமது வாசகர்களில் பலர் சொந்த வீட்டிலோ அயலிலோ கண்டிருப்பார்கள். புற்றுநோய் வந்தவர் இன்னொரு சிறுநீரகத்தைப் பெறுவதற்குக் காத்திருக்க வேண்டிய காலமும் நீளும். அதைத் தந்தவர் தாயாகவோ சகோதரனாகவோ இருந்தால், அந்தக் கொடையும் இழக்கப்படுகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. கட்டியையும் அதைச் சுற்றியுள்ள ஆரோக்கியமான இழையத்தில் மெல்லிய விளிம்பையும் மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, மிகுதிச் சிறுநீரகத்தைத் தைத்து உடலிலேயே விட்டுவிடுவது. இன்று பொருத்தப்பட்ட சிறுநீரகத்திலும் இதைச் செய்கிறார்கள். இந்த எண்ணம் சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சையைவிடப் பழையது. சிறுநீரகக் கட்டிக்காக முதன்முதலில் இப்படித் திட்டமிட்டுச் செய்தவர் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் பணியாற்றிய வின்சென்ஸ் செர்னி. ஆண்டு 1887. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. மனித இரத்த வகைகள் எவை என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது.

மருந்துக்கடைக்காரர் மகன்

செர்னி 1842 நவம்பர் 19 ஆம் திகதி பொஹீமியாவின் ட்ரவுட்டனவ் என்ற சிறு நகரில் பிறந்தார். அன்று அது ஒஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. இன்று ட்ருட்னோவ் என்ற பெயரில் செக் குடியரசில் இருக்கிறது. தந்தை மருந்துக்கடை நடத்தியவர். செர்னி என்ற குடும்பப் பெயருக்கு செக் மொழியில் கறுப்பு என்று பொருள். பெயர் செக் மொழியில் இருந்தாலும் அவர் படித்ததும் எழுதியதும் ஜேர்மன் மொழியில்தான்.

பிராக் நகரில் படிப்பைத் தொடங்கி, பின்னர் வியன்னாவுக்குச் சென்று, 1866 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆரம்பத்தில் அவரை ஈர்த்தது கண் மருத்துவம். அந்நாளில் வியன்னாவில் கண் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற ஆர்ல்ட் என்பவரிடமும், பொது மருத்துவத்தில் ஒப்போல்சர் என்பவரிடமும் பயிற்சி பெற்றார். அதன்பின் அவர் சேர்ந்த இடமே அவருடைய வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது. அது தியடோர் பில்ரோத்தின் சத்திரசிகிச்சைப் பிரிவு.

பில்ரோத் அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகப் பெரிய சத்திரசிகிச்சை ஆசிரியர்களில் ஒருவர். உடலின் உட்புறத்தில் கைவைக்கவே பலர் அஞ்சிய நாட்களில், நோயுற்ற உறுப்பை அகற்றிவிட்டு உடல் தொடர்ந்து இயங்க முடியுமா என்ற கேள்வியை அவருடைய பிரிவு முறையாக ஆராய்ந்தது. முதலில் விலங்குகளில் செய்து பார்ப்பது, விளைவுகளை நேர்மையாக எழுதிவைப்பது, தோல்விகளையும் சேர்த்து வெளியிடுவது என்பது அங்கு பழக்கமாக இருந்தது. செர்னி அந்தப் பழக்கத்தில் வளர்ந்தார். 1870 இல் அவர் நாய்களில் குரல்வளையை அகற்றிப் பார்த்தார். அந்தச் சோதனைகளின் பலத்தில்தான் 1873 இன் கடைசி நாளில் பில்ரோத் ஒரு மனிதரின் குரல்வளையைப் புற்றுநோய்க்காக முழுமையாக அகற்றினார்.

1870 இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, பில்ரோத்துடன் செர்னியும் போர்முனை வைத்தியசாலைகளுக்குச் சென்றார். வைசன்பேர்க், மன்ஹைம் ஆகிய இடங்களில் காயமடைந்த படையினருக்குச் சிகிச்சையளித்தார். துப்பாக்கிச் சன்னங்கள் சிதைத்த கைகளையும் கால்களையும் அகற்றுவதா, காப்பாற்றுவதா என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் எழும் இடம் அது. கிருமி பற்றிய அறிவு அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. காயத்தில் சீழ் பிடித்து இறந்தவர்கள் ஏராளம்.

அடுத்த ஆண்டு, முப்பது வயதைத் தொடுமுன்பே, ஃப்ரைபேர்க் பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக அவருக்கு அழைப்பு வந்தது. அங்கு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் அடொல்ஃப் குஸ்மௌல். நீரிழிவு முற்றி மயக்கநிலைக்குச் செல்லும் நோயாளிகள் ஆழமாகவும் விரைவாகவும் மூச்சுவிடுவதை விவரித்தவர் இவரே. சிறுநீரகம் செயலிழந்து இரத்தத்தில் அமிலம் கூடும்போதும் அதே மூச்சு தோன்றும். அதை இன்றும் குஸ்மௌல் மூச்சு என்றே வைத்தியர்கள் அழைக்கிறார்கள். குஸ்மௌலின் மகள் லூயிசாவைச் செர்னி மணந்தார்.

ஒரு சிறுநீரகம் போதும் என்று காட்டியவர்

1877 இல் செர்னி ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கு அவருக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் குஸ்தாவ் சிமோன். செர்னியின் கதையைப் புரிந்துகொள்ள சிமோனின் கதையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1869 இல் சிமோனிடம் ஒரு பெண் வந்திருந்தார். முன்னர் செய்யப்பட்ட ஒரு வயிற்றுச் சத்திரசிகிச்சையில் அவருடைய ஒரு பக்கத்துச் சிறுநீர்க்கான் காயப்பட்டிருந்தது. சிறுநீர் வழிதவறி இடைவிடாது கசிந்துகொண்டிருந்தது. எந்நேரமும் ஈரம், நாற்றம், தோல் புண். வெளியே எவருடனும் பழக முடியாத நிலை. கசிவை அடைக்கச் செய்த முயற்சிகள் எல்லாம் தோற்றன. கடைசியில் எஞ்சிய வழி, அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தையே அகற்றுவது. ஆனால் சிறுநீரகம் ஒன்றை எடுத்துவிட்டால் மனிதர் உயிர்வாழ்வாரா என்பதற்கு அன்று தெளிவான விடை இல்லை.

சிமோன் நாய்களில் ஒரு சிறுநீரகத்தை அகற்றிப் பார்த்தார். மற்றைய சிறுநீரகம் முழு வேலையையும் ஏற்றுக்கொண்டதைக் கண்டார். 1869 ஆகஸ்ட் 2 ஆம் திகதி அந்தப் பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றினார். அவர் பிழைத்துக்கொண்டார். முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்யப்பட்டு வெற்றிபெற்ற முதலாவது சிறுநீரக அகற்றல் இதுவென்று மருத்துவ வரலாறு பதிவு செய்கிறது. ஒருவர் தன் சிறுநீரகங்களில் ஒன்றை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு நலமாக வாழ முடியும் என்று இன்று நாம் நம்புவதற்கு அடியில் இருப்பது இந்த அறிவுதான்.

சிமோன் 1876 இல், 52 வயதில் காலமானார். அடுத்த ஆண்டு செர்னி அவருடைய இடத்துக்கு வந்தார். சிறுநீரகத்தில் கைவைக்கலாம் என்ற துணிவு ஏற்கனவே வேரூன்றியிருந்த ஒரு பிரிவை அவர் பொறுப்பேற்றார்.

1887

ஒரு சிறுநீரகத்தை முழுமையாக அகற்றுவது, அதில் ஒரு பகுதியை மட்டும் வெட்டுவதைவிட ஒரு வகையில் இலகுவானது. கேட்பதற்கு முரணாகத் தோன்றலாம். இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களின் ஊடாகவும் ஓடுகிறது. முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பவர் அதற்கு வரும் நாடியையும் திரும்பும் நாளத்தையும் கட்டி, சிறுநீர்க்கானையும் கட்டி, உறுப்பை வெளியே எடுத்துவிடலாம். பகுதியை மட்டும் வெட்டுபவருக்கு அந்த வசதி இல்லை. வெட்டிய முகம் முழுவதும் இரத்தம் பீறிடும். அதை நிறுத்த வேண்டும். சிறுநீர் சேரும் உட்குழி திறந்திருந்தால் அதை மூட வேண்டும். மூடாவிட்டால் சிறுநீர் கசிந்து, சீழ் பிடித்து, ஆறாத புண்ணாகிவிடும். வெட்டிய பகுதியில் கட்டி சிறிதும் எஞ்சக்கூடாது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய பகுதி உயிரோடு வேலை செய்ய வேண்டும்.

இன்று இதற்கு உதவும் எதுவும் செர்னியிடம் இல்லை. கட்டி எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று முன்கூட்டிக் காட்டும் படம் இல்லை. றொன்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்ததே 1895 இல்தான். இரத்தம் இழந்தவருக்குப் பாதுகாப்பாக இரத்தம் ஏற்ற வழியில்லை. தொற்று வந்தால் கொடுக்க நுண்ணுயிர்க்கொல்லி இல்லை. அவரிடம் இருந்தவை மயக்கமருந்து, கிருமி நீக்கும் முறைகள், பழகிய கை, தையல் நூல். தையலில் அவருக்கு முன்பே பெயர் இருந்தது. குடலை இரண்டு வரிசையாகத் தைக்கும் முறை ஒன்று அவருடைய பெயரையும் சேர்த்தே வழங்கப்பட்டது. சிறுநீரகக் கல்லை, உறுப்பை அகற்றாமல் திறந்து எடுத்த முன்னோடிகளிலும் அவர் ஒருவர்.

அவருக்கு முன்பு இந்த எல்லையை ஒருவர் தொட்டிருந்தார். 1884 இல் ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்பென்சர் வெல்ஸ், சிறுநீரகத்தைச் சூழ்ந்திருந்த கொழுப்புக்கட்டி ஒன்றை அகற்றும்போது சிறுநீரகத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுத்திருந்தார். செர்னி 1887 இல் செய்தது வேறு. சிறுநீரகத்திலேயே வளர்ந்திருந்த கட்டி அது. அதை வெட்டியெடுத்து, மிகுதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது என்று தீர்மானித்தே அவர் கத்தியை எடுத்தார். அவருடைய பிரிவில் பணியாற்றிய ஹெர்செல் என்ற ஹங்கேரிய வைத்தியர் 1890 இல் இந்தச் சத்திரசிகிச்சையை மருத்துவ உலகுக்கு எழுத்தில் அறிவித்தார்.

இந்தத் தீர்மானத்தில் சிமோனின் பாடத்துக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. ஒரு சிறுநீரகத்தோடு வாழலாம் என்று சிமோன் காட்டியிருந்தார். ஆனால் மற்றைய சிறுநீரகம் நல்ல நிலையில் இருந்தால்தான் அந்தப் பாடம் செல்லும். மற்றையது பழுதடைந்திருந்தால், அல்லது பிறப்பிலேயே ஒன்றுதான் இருந்தால், முழு அகற்றல் என்பது மரணம். 1880களில் அதை முன்கூட்டி அறிய நம்பகமான வழி இருக்கவில்லை. எஞ்சும் ஒவ்வொரு துண்டும் பெறுமதியானது என்று நினைக்க அதுவே போதிய காரணம்.

எனினும் இந்த முறை உடனே பரவவில்லை. இரத்தப்போக்கும் சிறுநீர்க் கசிவும் பலரை அச்சுறுத்தின. இருபதாம் நூற்றாண்டில் மயக்கமருந்தும் இரத்தம் ஏற்றலும் முன்னேறியபோது, புற்றுநோய் என்றால் சிறுநீரகத்தை அதைச் சுற்றியுள்ள கொழுப்போடு முழுமையாக அகற்றுவதே பாதுகாப்பு என்ற கருத்து வலுப்பெற்றது. செர்னி செய்தது பல பத்தாண்டுகள் வரலாற்றுக் குறிப்பாகவே கிடந்தது.

இழந்ததை ஈடுசெய்தல்

வெட்டியெடுத்த பின் நோயாளி எப்படி வாழ்வார் என்ற கேள்வி செர்னியின் வேறு பணிகளிலும் தெரிகிறது. 1893 இல் ஒரு பாடகி அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். நீண்டகால அழற்சியும் புற்றுநோய் அல்லாத கட்டியும் காரணமாக ஒரு மார்பகத்தை அகற்ற வேண்டியிருந்தது. மேடையில் நிற்பவர் அவர். ஒரு பக்கம் வெறுமையாகிவிடுமே என்ற கவலை அவருக்கு இருந்தது. அந்தக் காலத்து சத்திரசிகிச்சை அறையில் இப்படியான கவலைக்கு மதிப்புக் கொடுத்தவர்கள் குறைவு.

அதே பெண்ணின் இடுப்புப் பக்கத்தில் ஒரு கொழுப்புக்கட்டி இருந்தது. செர்னி அதை எடுத்து, அகற்றிய மார்பகத்தின் இடத்தில் வைத்துத் தைத்தார். அந்த இழையம் அங்கே ஒட்டிக்கொண்டது. 1895 இல் இதை அவர் வெளியிட்டார். மார்பக மீளமைப்பின் தொடக்கமாக இன்று பலரும் குறிப்பிடுவது இந்தச் சத்திரசிகிச்சையைத்தான். இழையம் அவருடைய சொந்த உடலிலிருந்தே வந்தது என்பதால் உடல் அதை நிராகரிக்கவில்லை. பிறருடைய இழையத்தை உடல் ஏன் நிராகரிக்கிறது என்பது விளங்க இன்னும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

கைவிடப்பட்டவர்களுக்காக ஒரு வீடு

1894 இல் பில்ரோத் இறந்தார். அவருடைய இடத்துக்கு வரும்படி வியன்னா செர்னியை அழைத்தது. தான் பயின்ற இடம், குருவின் கதிரை. அதைவிடப் பெரிய மரியாதை ஒரு ஜேர்மன் மொழி சத்திரசிகிச்சை நிபுணருக்கு அன்று இருந்திருக்க முடியாது. செர்னி மறுத்துவிட்டு ஹைடல்பேர்க்கிலேயே இருந்தார். 1901 இல் ஜேர்மன் சத்திரசிகிச்சைச் சங்கத்தின் தலைவரானார். 1908 இல் பிரசல்ஸில் கூடிய சர்வதேச சத்திரசிகிச்சை மாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார்.

ஆனால் இந்த ஆண்டுகளில் அவரை அலைக்கழித்தது வேறொரு கேள்வி. கத்தியால் குணப்படுத்த முடிந்த புற்றுநோயாளர்கள் ஒரு சிறு தொகையினரே. பெரும்பாலானோர் நோய் முற்றிய பிறகுதான் வந்தார்கள். உணவுக்குழாய், கருப்பை, குடல், சிறுநீரகம் என்று உடலின் பல இடங்களில் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர் அவர். எவ்வளவு திறமையாக வெட்டினாலும் நோய் திரும்பி வருவதை அவர் தொடர்ந்து கண்டார். சத்திரசிகிச்சைக்குத் தகுதியில்லை என்று தீர்மானிக்கப்பட்டவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். புண்ணாகி வெடித்த கட்டிகளோடு, வலியோடு, நாற்றத்தோடு அவர்கள் எங்கோ மூலையில் கிடந்து இறந்தார்கள். பொது வைத்தியசாலைகள் அப்படியானவர்களை ஏற்கத் தயங்கின.

இவர்களுக்குச் சிகிச்சையளிக்கும் இடமும் இந்த நோயை ஆராயும் ஆய்வுகூடமும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று செர்னி கருதினார். அதற்காக நன்கொடை திரட்டினார். 1906 செப்டெம்பரில் ஹைடல்பேர்க்கில் பரிசோதனைமுறைப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் நோயாளர் பகுதிக்குச் சமாரியர் இல்லம் என்று பெயர். வழியோரம் அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தூக்கிச் சென்று பராமரித்த நல்ல சமாரியனின் நினைவு அது. திறப்பு விழாவோடு சேர்த்து சர்வதேசப் புற்றுநோய் மாநாடு ஒன்றும் நடைபெற்றது.

அதே ஆண்டு, 63 வயதில், பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பதவியை அவர் துறந்தார். ஐரோப்பா முழுவதும் மாணவர்கள் தேடிவந்த கதிரையை விட்டு, பெரும்பாலும் குணமாகாத நோயாளிகள் நிறைந்த ஒரு வீட்டின் பொறுப்பாளரானார். அங்கு எக்ஸ்ரே கதிர்கள், ரேடியம், மின்சாரத்தின் வெப்பம், மருந்துகள் என்று கைக்கெட்டிய எல்லாவற்றையும் கட்டிகளுக்கு எதிராக முயன்றுபார்த்தார். பல முயற்சிகள் ஏமாற்றத்தில் முடிந்தன. சில நோயாளிகளின் கட்டி சுருங்கியது. சிலருடைய வலி குறைந்தது. சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, மருந்து ஆகிய மூன்றையும் இணைத்துப் புற்றுநோயை எதிர்கொள்வது இன்று எல்லாப் புற்றுநோய் வைத்தியசாலைகளிலும் வழமை. அந்த ஏற்பாட்டின் ஆரம்ப வடிவங்களில் ஒன்று இந்த இல்லம்.

அவர் விட்டுச்சென்ற பேராசிரியர் கதிரை 1910 இல் மக்ஸ் வில்ம்ஸ் என்பவருக்குச் சென்றது. குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயை வில்ம்ஸ் கட்டி என்று அழைக்கிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர் இவர்தான். சிமோன், செர்னி, வில்ம்ஸ் என்று சிறுநீரக மருத்துவத்தின் மூன்று பெயர்கள் அரை நூற்றாண்டுக்குள் ஒரே நகரின் ஒரே பதவியில் வந்துசேர்ந்தன.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1916 ஒக்டோபர் 3 ஆம் திகதி, செர்னி ஹைடல்பேர்க்கில் காலமானார். அப்போது அவருக்கு 73 வயது. சமாரியர் இல்லம் பின்னர் அவருடைய பெயரைத் தாங்கிய வைத்தியசாலையாயிற்று. ஜேர்மன் புற்றுநோய் ஆய்வு மையம் 1964 இல் அதே நகரில்தான் தொடங்கப்பட்டது.

அவர் காணாத சத்திரசிகிச்சை

செர்னி இறந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு, 1954 டிசெம்பர் 23 ஆம் திகதி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோசப் மரே தலைமையிலான குழு, ஒத்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றிகண்டது. பின்னர் நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. இரட்டையர் அல்லாதவர்களும் பிறருடைய சிறுநீரகத்தோடு பல ஆண்டுகள் வாழத் தொடங்கினார்கள்.

அந்த மருந்துகளுக்கு ஒரு விலையும் இருந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியை அவை அடக்குவதால்தான் பொருத்தப்பட்ட உறுப்பு தப்புகிறது. ஆனால் உடலில் தவறாக வளரும் கலங்களைக் கண்டு அழிப்பதும் அதே எதிர்ப்புச் சக்திதான். ஆகவே மாற்று உறுப்போடு வாழ்பவர்களுக்குப் பல வகைப் புற்றுநோய்களின் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். சிறுநீரகப் புற்றுநோய் இவர்களில் பெரும்பாலும் செயலிழந்த பழைய சிறுநீரகங்களில்தான் தோன்றுகிறது. அரிதாகச் சிலருக்குப் பொருத்தப்பட்ட சிறுநீரகத்திலேயே தோன்றுகிறது.

இதற்கிடையில் செர்னியின் முறையும் மறதியிலிருந்து மீண்டது. உறையால் சூழப்பட்ட சிறிய கட்டிகளைச் சுற்றிலும் சிறிது நல்ல இழையத்தோடு வெட்டியெடுத்தால் போதும் என்று 1950 இல் வேர்மூட்டன் என்ற அமெரிக்க வைத்தியர் வாதிட்டார். அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கான் ஆகியவை பரவியபோது, கட்டிகள் சிறியனவாக இருக்கும்போதே தென்படத் தொடங்கின. பொதுவாக 4 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகளில், முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பவர்களுக்கும் பகுதியை மட்டும் எடுப்பவர்களுக்கும் புற்றுநோயைக் கட்டுப்படுத்துவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. இன்று அத்தகைய கட்டிகளுக்கு, இயலுமானவரை, சிறுநீரகத்தைக் காக்கும் சத்திரசிகிச்சையே முதலில் கருதப்படுகிறது.

பொருத்தப்பட்ட சிறுநீரகத்தில் இதைச் செய்வதில் தனியான சிரமங்கள் இருக்கின்றன. அந்தச் சிறுநீரகம் முதுகுப்பக்கத்தில் இருப்பதில்லை. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், காலுக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய்களோடு இணைக்கப்பட்டிருக்கும். முதல் சத்திரசிகிச்சையின் தழும்பு இழையம் அதைச் சுற்றி இறுகியிருக்கும். நாடியையும் நாளத்தையும் சேதப்படுத்தாமல் தேடிப் பிரித்தெடுக்க வேண்டும். வெட்டும் நேரத்தில் இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தினால் வேலை சுத்தமாகும். ஆனால் நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஒரேயொரு சிறுநீரகத்துக்குப் பாதிப்பு. அதனால் சிலர் பனிக்கட்டியால் குளிரூட்டி வெட்டுகிறார்கள். சிலர் ஓட்டத்தை நிறுத்தாமலே கையால் அழுத்தி வெட்டுகிறார்கள். சிறிய கட்டியாயின், ஊசி போன்ற கருவியைச் செலுத்தி வெப்பத்தாலோ கடுங்குளிராலோ அதை அழிக்கும் வழியும் உண்டு.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி பெரிதாகவோ, பெரிய இரத்தக்குழாயை ஒட்டியோ, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலோ இருந்தால், முழுச் சிறுநீரகத்தையும் இழக்க நேரிடலாம். காப்பாற்றியவர்களும் தொடர்ந்து ஸ்கான் செய்துகொள்ள வேண்டும். நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தைக் குறைப்பதா, வேறொன்றுக்கு மாற்றுவதா என்பது இன்னொரு கடினமான முடிவு. அதிகம் குறைத்தால் உறுப்பு நிராகரிக்கப்படலாம். குறைக்காவிட்டால் புற்றுநோய் திரும்பலாம். சிறுநீரக வைத்தியர், சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் வைத்தியர் ஆகியோர் நோயாளியோடு சேர்ந்து எடுக்கும் முடிவு அது. ஆகவே மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும் வழமையான பரிசோதனைகளைத் தவறவிடாதிருப்பது முக்கியம். கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டால்தான் சிறுநீரகத்தைக் காக்கும் வழி திறந்திருக்கும்.

செர்னி தன் வாழ்நாளில் மாற்றுச் சிறுநீரகம் ஒன்றைக் கண்டதில்லை. டயலிசிஸ் இயந்திரத்தையும் கண்டதில்லை. அவருடைய காலத்தில் சிறுநீரகம் செயலிழந்தால் அதற்குப் பின் எந்த வழியும் இல்லை. அதனால்தான் ஒரு கட்டிக்காக முழு உறுப்பையும் பறிகொடுக்க அவர் விரும்பாதிருந்திருக்கலாம். அவருக்குப் பிறகு வழிகள் பல வந்துவிட்டன. ஆனாலும், பொருத்தப்பட்ட ஒற்றைச் சிறுநீரகத்தில் கட்டி தோன்றி சத்திரசிகிச்சை மேசையில் படுத்திருப்பவரின் நிலை 1887 இன் நோயாளியின் நிலைக்கு மிக அருகில்தான் இருக்கிறது. அவருக்காகச் சத்திரசிகிச்சை நிபுணர் எடுக்கும் முடிவும் செர்னி அன்று எடுத்த அதே முடிவுதான்.